சிங்கப்பூர் போய்க் கற்றுவந்தவர்கள்

அஞ்சம்மாள் கானத்தூர்க் குப்பத்துப் பெண். நான்கு வருடம் சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவள், தாம்பரத்தை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் தினக்கூலிக்குக் கொசு ஒழிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

2006-ல் சிக்குன்குனியா வந்து தெருவே நொண்டி நொண்டி நடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பேரூராட்சித் தலைவர் ஏகநாதனும் சுகாதார அலுவலர் அரிகிருஷ்ணனும், கொசு ஒழிப்பைக் கற்றுவர ஆறு நாள் சிங்கப்பூர் போனார்கள். திரும்பியதும் கல்யாண மண்டபத்தில் ஊழியர்களைக் கூட்டிப் படம் காட்டினார்கள். முக்கால்வாசிப் படங்களில் கூலிங்கிளாஸோடு ஏகநாதன்தான் நின்றார். அவர்கள் கற்றுவந்தது இவ்வளவுதான்: புகை அடிக்கும் மெஷின் இரண்டு வாங்க வேண்டும்.

அஞ்சம்மாள் எழுந்தாள். “அங்க பொகையோட வுட மாட்டாங்க சார். வூட்டுக்குள்ளயே வந்து பூந்தொட்டிக்குக் கீழ தட்டுல தண்ணி நிக்குதான்னு பாப்பாங்க. எங்க மொதலாளியம்மாவுக்கே ஃபைன் போட்டாங்க.”

அரிகிருஷ்ணன் சிரித்தார். “நீ அங்க பாத்திரம்தானேம்மா கழுவுன?”

“ஆமா சார். அதான் எதுல தண்ணி நிக்கும்னு தெரியுது.”

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வேலை போகும்.

மறுநாள் டார்ச்சோடு வீடு வீடாகப் போனாள். ஏகநாதன் ஃபிளாட் கட்டிக்கொண்டிருந்த மனையில், மூடாத தண்ணீர்ச் சம்ப்பில் கொசுப்புழு நெளிந்தது. ஒரு டம்ளரில் மொண்டு, ஆபீசுக்கே எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்தாள்.

“இத்த மூடணும் தலைவரே. ஊருக்கே இங்கேர்ந்துதான் கொசு போவுது.”

அவர் டம்ளரைப் பார்க்கவே இல்லை. “இந்தம்மாவ குப்பைக் கிடங்குக்கு மாத்துங்க” என்றார் அரிகிருஷ்ணனிடம். அவரும் உடனே எழுதிக்கொண்டார். சிங்கப்பூரில் வாங்கிய பேனா.

பத்தாம் நாள் அஞ்சம்மாளே காய்ச்சலில் விழுந்தாள். மூன்று வாரம் விரல் மடங்கவில்லை. சோற்றைக் கணவன் ஊட்டினான். வெயில் ஏறிக் கொசு தானாகக் குறைந்ததும், ‘சிங்கப்பூர் முறைக்கு வெற்றி’ என்று பேனர் கட்டினார்கள்.

எழுந்து நடமாட முடிந்ததும் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த மழைக்கு முன்னால் அரிகிருஷ்ணனே அவள் வீடு தேடி வந்தார்.

“நல்லா வேலை தெரிஞ்ச ஆளு வேணும்மா.”

“தெரிஞ்ச ஆளுங்களத்தான் பிளேன்ல ஏத்தி அனுப்சீங்களே சார். அவுங்களயே டார்ச்ச எடுத்துகினு போவச் சொல்லுங்க” என்றாள் அஞ்சம்மாள். உள்ளே வந்து உட்காரும்படி அவரிடம் சொல்லவில்லை. கதவைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.