மொட்டு நீளமா, உருண்டையா

ஆலங்குடாவில் முபாரிஸின் வெங்காயத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஸும்றாவிடம் தாவரவியல் பட்டம் இருந்தது, வேலை இருக்கவில்லை. நியமனம் வரும் வரும் என்று காத்திருந்த வருடங்களில் அவள் களை பிடுங்கப் பழகினாள். மற்றக் களைகளை வெறுங்கையால் பிடுங்கலாம். பிரமதண்டைத் தொட முடியாது. இலை, தண்டு, காய் எல்லாம் முள். முறித்தால் மஞ்சளாகப் பால் கசியும்.

"இது கசகசாச் செடிட குடும்பம். மெக்சிக்கோவில இருந்து வந்தது" என்று ஒருநாள் கணவனிடம் சொன்னாள்.

"நம்மட வாப்பா மன்னாரால வந்தார். இது அதுக்கும் அங்கால இருந்து வந்திரிக்கி" என்றான் முபாரிஸ், மண்வெட்டியை நிறுத்தாமலே.

ஒரு மாசி மாதம், கடல்நீர் தேங்கும் களப்புப் பக்கத்து வேலியோரம் சில பிரமதண்டுகள் வெளிறிப்போய்ப் பூத்திருந்தன. வழக்கமான பளீர் மஞ்சள் இல்லை. பாலில் ஒரு துளி மஞ்சள் கலந்தது போல. ஸும்றா அங்கேயே குந்திவிட்டாள். பிரமதண்டுக்கு வெளிறிய பூவுள்ள சகோதர இனம் ஒன்று உண்டு என்று படித்திருந்தாள். இலங்கையில் அதைக் கண்டதாக அவள் எங்கும் வாசித்ததில்லை.

"அந்த மூலைய மட்டும் விடுங்க" என்று முபாரிஸிடம் கேட்டாள்.

"விதை சிந்தினா தோட்டம் முழுக்க முள்ளு."

"சிந்த முந்தி நானே காயப் பறிச்செடுக்கிறன்."

அவன் விட்டுக்கொடுத்தான்.

சில வாரம் தயங்கியபின், பல்கலைக்கழகத்தில் தனக்குப் படிப்பித்த நிசாந்தி மிஸ்ஸுக்குப் படங்களை அனுப்பினாள். மறுநாளே அழைப்பு வந்தது.

"படம் வடிவா இருக்கு, ஸும்றா. ஆனா பூவின்ர நிறத்தை மட்டும் நம்பேலாது. மொட்டைப் பார்த்தீரா? மஞ்சள் இனத்துக்கு மொட்டு உருண்டை. மற்றதுக்கு நீட்டு."

"நீட்டா இருந்தா, மிஸ்?"

"இருந்தா எனக்கு ஒரு ஆய்வு உதவியாளர் தேவைப்படும். அந்த மண்ணில நிண்டு வேலை செய்யிற ஆள்."

அவள் வேலியோரம் ஓடியபோது பூக்காலம் முடியும் தறுவாய். எஞ்சியிருந்த சில மொட்டுகளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் நீளம் என்று தோன்றியது. திரும்பவும் பார்க்க, நல்ல நீளம் என்றே தோன்றியது. சந்தேகம் தீர வெளிறிய செடியின் காய்களைப் பறித்து, விதையை எடுத்து வைத்தாள்.

மாரி மழை தொடங்கியதும் பழைய பெயின்ட் வாளிகளில் விதைத்தாள். அதே வாரம் புத்தளம் டவுனில் உயிரியல் டியூசன் வகுப்பொன்று எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஸும்றா மறுத்துவிட்டாள். இன்னும் சில மாதங்களில் ஆய்வு வேலைக்குப் போகப்போகிறவள் வகுப்பைப் பாதியில் விடுவது சரியில்லை என்று காரணம் சொன்னாள்.

தை பிறந்து வாளிகள் பூத்தன. முதல் பூ வெளிறியது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம். அடுத்து, அதே காயின் விதையில் முளைத்த செடி ஒன்று பளீர் மஞ்சளாகப் பூத்தது. பிறகு இரண்டுக்கும் நடுவே எத்தனையோ மஞ்சள்கள். எங்கே கோடு போட்டு இது வேறு, அது வேறு என்று பிரிப்பது என்றே தெரியவில்லை. மொட்டுகளைப் பறித்துக் கிணற்றுக் கட்டில் வரிசையாக வைத்தாள். ஒன்றுகூட நீளம் இல்லை. எல்லாம் உருண்டை.

வெளிறிய பூவின் படத்தை மட்டும் அனுப்பினால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. பொய்யில்லைதான், பூத்த பூதான். மற்றதை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் போன வருடம் மொட்டை நீளமாக்கியது தன் ஆசைதான் என்பது அவளுக்கு இப்போது விளங்கியிருந்தது. மற்றப் படங்களை மறைத்தாலும் அது விளங்காமல் போகாது.

முபாரிஸ் வந்து பக்கத்தில் இருந்தான். "என்ன, கிடைச்சிட்டா?"

"இல்ல. ஒரே சாதிதான்."

"அந்த வெள்ளப் பூவ நானும் கண்டேனே."

"கண்டதுதான். இதே பூதான் அது. நிறம் மட்டும் கொறஞ்சிரிக்கி."

அவன் ஒரு மொட்டை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு வைத்தான். "டவுன் வகுப்பு இன்னம் கிடக்குதோ தெரியா. கேட்டுப் பாப்பமே."

எல்லாப் படங்களையும் அவள் அனுப்பினாள். அன்று மாலை நிசாந்தி மிஸ் பேசினார்.

"ஒவ்வொரு நிறத்திலயும் ஒரு செடி காய வச்சு அனுப்பும். மொட்டும் காயும் சேர்த்து."

"புதுசா ஒண்டுமில்லையே, மிஸ்."

"புதுசில்லை எண்டதும் நீர் விதைச்சுப் பார்த்தபடியால்தானே தெரிஞ்சது. உம்மட பேரிலதான் இங்க உலர்செடிச் சேகரிப்பில வைப்பம். உதவியாளர் வேலை இனி இல்லை, ஸும்றா. அதை நான் மறைக்கேல்லை."

"ஓம் மிஸ்" என்றாள். தொலைபேசியை வைத்த பிறகுதான் அழுதாள்.

செடிகளைப் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கல் ஏற்றி, காய்ந்ததும் அனுப்பினாள். வேலியோர மூலையிலும் வாளிகளிலும் மிஞ்சிய செடிகளைக் கையுறை போட்டுக்கொண்டு இருவருமாகப் பிடுங்கி எரித்தார்கள். டவுன் வகுப்புக்கு வேறொருவர் வந்துவிட்டிருந்தார். அடுத்த வருடம்தான் கற்பிட்டியில் ஒரு வகுப்புக் கிடைத்தது. இப்போது வாரத்தில் சில நாட்கள் பஸ்ஸில் போய் வருகிறாள். மாசியில் வழிநெடுகப் பிரமதண்டு பூத்துக் கிடக்கும். முன்பெல்லாம் அது ஒரே மஞ்சளாகத்தான் தெரிந்தது. இப்போது அப்படித் தெரிவதில்லை.