உப்பில் போட்ட மொட்டுகள்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில், கீழ்த்தட்டில், ஊறுகாய் போடுகிற கண்ணாடி ஜாடி ஒன்று இருக்கிறது. வாயில் வெள்ளைத் துணி போட்டு நூலால் இறுக்கிக் கட்டியது. பாதிக்கு மேல் கல்லுப்பு. உப்புக்கு நடுவே கறுத்துச் சுருங்கிய மொட்டுகள். தெரியாதவர்கள் கொத்தவரங்காய் வற்றல் என்று நினைப்பார்கள். மேலே என் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘மாமரத்துப் புல்லுருவி. உப்பில் போடப்பட்டது. ஆய்வுக்குப் பயன்படாது.’ போன வாரம் அலமாரியை ஒழித்தபோது, என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை அதை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கி, “மேடம், இதுதான் பயன்படாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, தூக்கிப் போட்டுடலாமா?” என்றார். “அதைத் தொடாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் ஜாடி அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பாதிப் பாடத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலோரம் போய் நிற்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறேன்.

ஜாடி என் மாமியாருடையது. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மரக்காணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் உப்பளம்தான். முழங்கால் ஒத்துழைத்தவரை அத்தை அங்கே உப்பு வாரியவர். கொல்லையில் ஒரு பெரிய மாமரம், பாதி எங்களுக்கு, பாதி அத்தையின் கொழுந்தனாருக்கு. ஆராய்ச்சிப் படிப்பின் நடுவில் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் எல்லாரும் புதுப்பெண்ணைத் தேட, நான் கொல்லையில் வாயைப் பிளந்துகொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். “இன்னாம்மா பாக்கற? மாங்கா வேணுமா?” என்று அத்தை வந்தார். “இல்லைங்க அத்தை, அந்தப் புல்லுருவியைத்தான் பாக்கறேன்.” அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்தச் சனியனையா? மரத்தையே உறிஞ்சிக் குடிக்குது. ஆளைக் கூட்டியாந்து வெட்டிப் போட்டுடலாம்னு இருக்கேன்.” தாலி கட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை, நான் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு செடிக்காகக் கெஞ்சினேன். அதைச் சொல்லிச் சொல்லியே அத்தை பல வருடம் சிரித்தார்.

அந்தச் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் பதற்றம் உங்களுக்குப் புரியாது. புல்லுருவி இன்னொரு மரத்தின் கிளையில் வேர் இறக்கிப் பிழைக்கும் செடி. விரல் மாதிரி வளைந்த, குழல் வடிவ ஆரஞ்சுப் பூ. இதழ்களுக்குக் கீழே, உப்புப் பாத்தியின் வரப்பு போல ஒரு சின்ன விளிம்பு ஓடும். அது புல்லிவட்டத்தின் மிச்சமா, வேறு ஏதாவதா என்று இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். முற்றிய மொட்டு பெரும்பாலும் பூக்கொத்திக் குருவி வந்து அலகால் ஒரு கிள்ளு கிள்ளினால்தான் பட்டென்று வெடித்துத் திறக்கும். இதெல்லாம் வெளியே தெரிகிற சங்கதி. உள்ளே நடப்பதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. மற்றப் பூக்களில் சூற்பைக்குள் சூல் இருக்கும், அதற்குள் கருப்பை என்று நாங்கள் சொல்கிற நுண்ணிய பை ஒன்று இருக்கும், மகரந்தக் குழல் மேலிருந்து இறங்கி அதைத் தேடி வரும். புல்லுருவியில் சூல் என்று தனியாக எதுவும் கிடையாது. அடியில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். அந்த மேட்டிலிருந்து கருப்பைகள் கிளம்பி, சூல்தண்டுக்குள் புகுந்து, மேல்நோக்கி ஏறுகின்றன. மகரந்தம் வரும்வரை பொறுக்க மாட்டாமல் எதிரே போகின்றன. இதை முதலில் படித்தபோது, அட, என்னைப் போலவே ஒரு பொறுமைகெட்ட ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மரத்துச் செடியில் கருப்பை எந்த அளவு மொட்டில் ஏறத் தொடங்குகிறது, எவ்வளவு உயரம் போகிறது என்பதுதான் என் ஆய்வு. அதற்குக் குண்டூசித் தலை அளவிலிருந்து, வெடிக்கப்போகும் மொட்டுவரை ஒரு வரிசை வேண்டும். சின்ன மொட்டுகளை எல்லாம் சேர்த்துவிட்டேன். வெடிப்பதற்கு முந்தின நாள் மொட்டு மட்டும் பாக்கி. அது இல்லாவிட்டால் கருப்பை ஏறியது தெரியும், எங்கே போய் நின்றது என்று தெரியாது. உதவித்தொகை அந்தக் கோடையோடு முடிகிறது. அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்கத் தெரியாது.

மொட்டைப் பறித்த கையோடு ஒரு திரவத்தில் போட்டுவிட வேண்டும். ஆல்கஹால், ஃபார்மலின், அசிட்டிக் அமிலம் கலந்தது. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மென்மையான செல்கள் சுருங்கிப்போகும். பாட்டிலுக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மையைத் திரவம் தின்றுவிடும். தினமும் காலையில் நான் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு மொட்டாக அளந்து பாட்டிலில் போடுவதை அத்தை பக்கத்தில் குந்தியிருந்து வேடிக்கை பார்ப்பார். ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். “இதுல இன்னாம்மா ஊத்தி வெச்சிருக்க? நாத்தம் கொடலைப் பொறட்டுது.” மொட்டு கெடாமல் இருப்பதற்கு என்றேன். “உப்புத் தண்ணியா?” சரியாகச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. “ஆமாங்க அத்தை, அந்த மாதிரிதான்” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினேன். அத்தைக்கு அந்தப் பதில் மிகவும் திருப்தி. பிறந்ததிலிருந்து மீனையும் மாங்காயையும் உப்பில் போட்டே காப்பாற்றியவர். உலகத்தில் எதையும் காப்பாற்றுவதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மாசி மாதம். சேர்த்த மொட்டுகளை மெழுகில் பதித்துச் சீவிப் பார்க்க ஒரு வாரம் சென்னைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் பெரிய மொட்டுகளைப் பறிப்பதாகத் திட்டம். புதன்கிழமை, இயந்திரத்திலிருந்து மெழுகு நாடா மாதிரி மெல்லிசாக இறங்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அத்தை. மூச்சு விட்டாலே பறந்துவிடும் நாடா அது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோது போனைக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலமும் திருப்பிக் கூப்பிடவில்லை. வரும்போது ஏதாவது வாங்கி வரச் சொல்வார், வேறென்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் கொல்லைக்குத்தான் ஓடினேன். மரத்தில் புல்லுருவி ஒரு கொத்துகூட இல்லை. அத்தையின் கொழுந்தனாரிடமிருந்து காயைக் குத்தகைக்கு எடுத்தவர், பிஞ்சு கொட்டுகிறது என்று ஆளை விட்டுப் புல்லுருவியை முழுக்க வெட்டிப் போட்டிருந்தார். அதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சருகாகிக் கிடந்த கொத்துகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அத்தை உள்ளேயிருந்து நான்கு ஜாடிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். முகம் பூராவும் பெருமை. “பயப்படாதம்மா, ஒண்ணுத்தையும் விடல. சின்னது வேற, பெருசு வேற. அளவுக்கு உள்ள…” என்று ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் நான் ஒரு ஜாடியைத் திறந்துவிட்டேன்.

“உப்பா? உப்புலயா போட்டீங்க? என் மூணு வருஷப் படிப்பு அத்தை! வெட்டணும் வெட்டணும்னு நின்னீங்க, சாதிச்சிட்டீங்க!” என் குரல் உப்பளம்வரை கேட்டிருக்கும். கணவரும் கொழுந்தனாரும் ஓடி வந்தார்கள். அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நீதானேம்மா சொன்ன, உப்புத் தண்ணி மாதிரின்னு?” என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “நான் எப்போ சொன்னேன்? நான் அப்படிச் சொல்லவே இல்ல!”

சொல்லும்போதே எனக்குத் தெரியும். செருப்பு மாட்டிய அந்தக் காலைப்பொழுது அப்படியே கண்முன் நின்றது. நாக்கில் இருந்ததை விழுங்கியிருக்கலாம், விழுங்கவில்லை. அத்தை என் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். அப்புறம், “சொல்லலியா? அப்ப எனக்குத்தான் ஞாபகம் தப்பிப்போச்சு. வயசாயிடுச்சில்ல” என்றார். நான் அதோடு விட்டேனா? மூன்று ஜாடிகளை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டினேன். நான்காவதை அத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை. கணவர் வந்து நடந்ததைச் சொன்னார். அரிவாளோடு வந்த ஆட்களிடம் இரண்டு நாள் பொறுங்கள் என்று அத்தை மல்லுக்கு நின்றிருக்கிறார். கேட்கவில்லை. என்ன செய்வது என்று கேட்கத்தான் எனக்கு மூன்று முறை போன். அப்புறம் மாசி வெயிலில் மரத்தடியில் உட்கார்ந்து, விழுந்த கொத்துகளிலிருந்து ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளி எடுத்திருக்கிறார். முட்டி வலியோடு, அவர்கள் வெட்டியதிலிருந்து பொழுது சாயும்வரை. கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். போய்ப் பேசியிருக்கலாம். நாளை பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அந்த நாளை வரவே இல்லை.

ஒரு வருடம் போயிற்று. அத்தைதான் ஒரு நாள், “அனுமந்தையில ஒரு வேப்பமரத்துல உன் செடி இருக்குதும்மா, மொட்டு வெச்சிருக்குது” என்றார். சனியன் எப்போது ‘உன் செடி’ ஆனது என்று நான் கவனிக்கவில்லை. அந்த மரத்து மொட்டுகளை வைத்துத்தான் ஆய்வை முடித்தேன். சூல்தண்டுக்குள் நல்ல உயரத்தில், நுனி சற்றுப் பருத்து நின்ற கருப்பையைக் கண்ணாடிச் சில்லில் பார்த்தபோது எழுந்து குதித்தேன். ஆய்வேட்டில் வழிகாட்டிக்கு நன்றி, நண்பர்களுக்கு நன்றி, கடைசியில் ‘குடும்பத்தினருக்கும்’. அத்தை அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சாமி மாடத்தில் வைத்தார்.

அத்தை போய்ச் சேர்ந்த பிறகு சமையலறையை ஒழிக்கும்போது, ஊறுகாய்களுக்குப் பின்னால் அந்த நான்காவது ஜாடி கிடைத்தது. ஆய்வகத்துக்கு எடுத்து வந்தேன். அப்போதும்கூடச் சீட்டில் என்ன எழுதினேன் பாருங்கள். யார் பறித்தது என்று இல்லை, யார் சொல்லி உப்பில் போட்டது என்று இல்லை. பயன்படாது என்று மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறேன். துணியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இன்று காலை பிரித்தேன். மேலே, உப்பில் செருகி, துடைப்பத்து ஈர்க்குச்சி ஒரு துண்டு நின்றது. என்னவென்று ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகுதான் ‘அளவுக்கு உள்ள…’ என்று அத்தை சொல்ல வந்தது நினைவுக்கு வந்தது. என் ஸ்கேலில் எண் படிக்கத் தெரியாதவர், ஒவ்வொரு ஜாடிக்கும் மொட்டின் நீளத்துக்கு ஈர்க்கை ஒடித்துப் போட்டிருக்கிறார். எந்தத் திரவமும் அழிக்க முடியாத சீட்டு. அளந்து பார்த்தேன். வெடிப்பதற்கு முந்தின நாள் மொட்டு. நான் ஒரு வருடம் அலைந்த அதே அளவு. ஒரு மொட்டை ஊற வைத்து, நிறம் நீக்கி, நுண்ணோக்கியில் வைத்தேன். கருப்பை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, உப்பு தின்றுவிட்டது. நரம்புகள் மட்டும் அடியிலிருந்து இதழ்வரை அப்படியே நின்றன. புல்லிவட்டத்தின் மிச்சமா என்று அடித்துக்கொள்கிறார்களே, அந்தச் சின்ன விளிம்புக்கு ஒரு நரம்பும் பிரிந்து போகவில்லை என்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது; அந்த வழக்குக்கு இது ஒரு சாட்சி. பயன்படாது என்று எழுதியது பொய்.

எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து கணவருக்குப் போன் போட்டேன். “அன்னிக்கு அத்தை சொன்னது நிஜம். உப்புத் தண்ணி மாதிரின்னு நான்தான் சொன்னேன். உங்க எல்லாருக்கும் முன்னாடி பொய் சொல்லிட்டேன்.” “தெரியும்” என்றார். “அம்மா அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாங்க. ‘அவ சொன்னா, நான் அதும்படி செஞ்சேன், படிப்பு போச்சேன்னு பதறிட்டா, பாவம். நீ அவகிட்ட இதைக் கேட்டுக்காத’ன்னாங்க.”

போனை வைத்துவிட்டு ரப்பரை எடுத்தேன். பென்சில் எழுத்து, தேய்த்ததும் போய்விட்டது. அதே சீட்டில் மறுபடி எழுதினேன்: ‘மாமரத்துப் புல்லுருவி, வெடிப்பதற்கு முந்தின நாள் மொட்டு. அளவு: உள்ளே இருக்கும் ஈர்க்குச்சி. பறித்தவர்: என் அத்தை. உப்பில் போடச் சொன்னவள்: நான்.’