பூனைக்குப் பத்தியம்

எங்கள் வீட்டுப் பூனை இருமும்போது கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகப் பதுங்கிக்கொள்ளும். தொண்டையில் முடி சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். மழை ஓய்ந்து, தென்னந்தோப்பில் கால் வைக்கிற இடமெல்லாம் நத்தையாகக் கிடந்த நாட்கள் அவை. பூனைக்கு வயிறு ஒட்டி மூச்சு வாங்க ஆரம்பித்ததும், கூடையில் போட்டு, மலையாள நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் ஊர் பெருமாட்டியிலிருந்து பக்கத்துச் சித்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மிருகாசுபத்திரியில் ரத்தமும் மலமும் எடுத்தார்கள்.

ரத்த முடிவு முதலில் போனுக்கு வந்தது. படித்தவர் என் வீட்டுக்காரர். அவருக்குச் சிறுநீரில் புரதம் போகிறது. டாக்டர் பருப்பு, முட்டை, கறி எல்லாவற்றையும் குறைத்து, உப்பையும் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் இவர்தான் டாக்டர். பூனையின் ரத்தத்தில் புரதம் கூடுதல் என்று பார்த்தாரோ இல்லையோ, மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இதுக்கும் என்ற சீக்குத்தான் புள்ள. இனிமேல் முட்டை, மீனு ஒண்ணும் வெக்காதே."

"ஏனுங்க, அது பூனைங்க" என்றேன். கேட்டால்தானே! அவர் குடிக்கும் கஞ்சியே பூனையின் கிண்ணத்துக்கும் போனது. நான் ஒளித்து வைத்த மீனையும் எடுத்துவிட்டார். பூனை கஞ்சியை மோந்துவிட்டு அவரையே பார்க்கும். எனக்கும் பிடிக்கவில்லைதான் என்று அதனிடம் சொல்லிக்கொண்டு அவர் குடிப்பார். அது எலும்பும் தோலுமானது. செத்துவிடும் என்றே நினைத்து அழுதேன்.

மல முடிவு வந்ததும் மிருக டாக்டரம்மா கூப்பிட்டார். நுரையீரலில் புழுவாம். நத்தை தின்ற எலியையோ பல்லியையோ பூனை பிடித்துத் தின்றிருக்கும். ரத்தத்தில் கூடியிருக்கும் புரதம் சாப்பாட்டால் வந்ததல்ல, புழுவோடு சண்டை போட உடம்பே உண்டாக்கியது. உடம்பைத் தாங்கும் இன்னொரு புரதமோ குறைந்திருக்கிறது, நன்றாகத் தின்னக் கொடுங்கள் என்றார். கஞ்சி விஷயத்தைச் சொன்னேன். டாக்டரம்மா மலையாளத்தில் திட்ட ஆரம்பித்தார். உரியவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று போனை இவரிடம் கொடுத்துவிட்டேன்.

மருந்து கேட்டது. சில வாரங்களில் இருமல் நின்றது. மறுபடி எடுத்த ரத்தத்தில் கூடுதல் புரதமும் இறங்கியிருந்தது. அன்று மத்தியானம் மத்தி மீன் வைத்தேன். பூனை தலை நிமிராமல் தின்றது. எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. அவர் தன் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"அது பொழச்சுக்கிச்சு. இனி இந்தக் கஞ்சிக்கு நான் ஒருத்தன்தான்" என்றார்.

வாய் வரை வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டேன். என் மீன் குழம்பை ஓரமாக நகர்த்திவிட்டு, அவர் சட்டியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டேன். சகிக்கவில்லை. குடித்தேன்.