பஸ்ஸின் பின்பக்கத்துப் படம்

டிப்போவில் அவருக்கு ஜெனரேட்டர் என்று பெயர். சிரிக்க ஆரம்பித்தால் உடம்பு மொத்தமும் குலுங்கும், லேசில் நிற்காது. பஸ் ஓட்டுநர். கடைச் சட்டை எதுவும் அவருக்குச் சேராது. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் துணி தைக்கும் மனைவிதான் அவருக்கும் தைத்துக் கொடுப்பாள்.

ஒருநாள் நூல் வாங்கப் போனவள் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். சற்றுத் தள்ளி நின்ற பஸ்ஸின் பின்பக்கம் முழுக்க ஒரு படம், சுகாதாரத் துறை ஒட்டியது. கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு வெறும் வயிறு. ‘இது உங்கள் வயிறா? இன்றே குறையுங்கள்!’ நீலச் சட்டை. துணி போதாமல் இடுப்புப் பக்கம் வேறு நீலத்தில் அவளே வைத்துத் தைத்த பட்டை. அவருடைய சட்டைதான்.

"குளிர்பானத்துக்கு வரி போடப் போறாங்களாம்" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். "போடட்டும். இவங்க வாயைக் கட்ட மாட்டாங்க, ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் நம்ம தலையிலயா?"

"அதுக்காக நான் எதைக் குடிக்கணும்னு அரசாங்கமா சொல்றது?" என்று இன்னொருவர் சீறினார்.

முறைத்துக்கொண்ட இருவரும் படத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது மட்டும் ஒன்றுசேர்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தவள் அந்தச் சட்டையை எடுத்துத் துணி மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அவரிடம் மூச்சு விடவில்லை. ஆனால் மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வர ஆரம்பித்தது. கேட்டால், "பசியில்லம்மா."

அதே டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் தம்பிதான் போட்டு உடைத்தான். "மாமா இப்பல்லாம் எங்ககூட உக்காந்து சாப்பிடறதில்லக்கா. நிக்கிற பஸ்ஸுல ஏறித் தனியா உக்காந்துக்கறாரு. அந்தப் படம் வந்ததிலேருந்து."

அன்று சாயங்காலம் அவர் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. அந்த நீலச் சட்டை..."

"நான்தான் ஒளிச்சு வெச்சேன். உங்க கண்ணுல படக்கூடாதுன்னு."

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நீ கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு, தூக்கிப் போட்டுடலாம்னு நான் தேடறேன்."

பல நாளைக்குப் பிறகு ஜெனரேட்டர் ஓடியது. சிரிப்புக்கு நடுவில் அவர் கண் கலங்கியதைப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரியைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நூலக அறையில் நடந்தது. அவள்தான் அவரை இழுத்துப் போனாள். வேண்டும், வேண்டாம் என்று ஆளாளுக்குக் கத்தி ஓய்ந்தபோது, கூட்டம் என்றாலே ஒதுங்கும் மனிதர் எழுந்து நின்றார்.

"வரி போடுங்க சார், நல்லதுதான். எங்க டிப்போவுல தண்ணிக் குழாய் கெட்டுக் கெடக்கு, குளிர்பான மெஷின் மட்டும் ஜோரா ஓடுது. அதையும் பாருங்க. ஆனா பஸ்ஸுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கீங்களே, அது நான். தெருவுல போறவனைக் கேக்காம எடுத்து, தலையையும் வெட்டிட்டீங்க. தலை இருந்திருந்தா, அங்க ஒரு மனுஷன் இருக்கான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்."

கருத்துக் கேட்க வந்திருந்த சுகாதாரத் துறை அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க" என்றார்.

வரி வந்தது. அதைத் திட்டுகிறவர்கள் இன்னும் திட்டுகிறார்கள். படங்களைச் சுரண்டி எடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வருகிறது. அவர் பெரிதாக இளைத்துவிடவில்லை. மதியம் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டிப்போ அதிரச் சிரித்தபடி சாப்பிடுகிறார்.