மடை மாறும்போதெல்லாம் நின்ற இன்டர்நெட்

“சாந்தாமணி, இன்னைக்குப் போய் மோடத்தைக் கழட்டிட்டு வந்துரு. அந்த ஊட்டுக்கு இன்டர்நெட் ஒத்து வராது.”

எங்கள் மேனேஜர் இதைச் சொன்னபோது காலை ஒன்பது மணி. 1999-ஆம் வருஷம். காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் சர்வீஸ் இன்ஜினியர். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, மொபெட்டில் டூல் பேக்கை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். “மெக்கானிக் பின்னால வாராருங்களா?” என்பார்கள். “நான்தானுங்க மெக்கானிக்” என்று சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி கோபம் வந்தது, மீதி கோபம் பிறவியிலேயே இருந்தது.

மேனேஜர் சொன்ன வீடு கருமத்தம்பட்டியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே ஒரு தோட்டத்தில் இருந்தது. ஒரே மாதத்தில் அங்கிருந்து மூன்றாவது கம்ப்ளெயின்ட். நான் போட்ட கனெக்‌ஷன் ஓடாது என்று இன்னொருவர் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. “கழட்ட மாட்டேனுங்க சார். பார்த்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த வேகத்தில், வழக்கமாகப் போன் செய்து “இத்தனை மணிக்கு வருகிறேன்” என்று சொல்வதைக்கூடச் செய்யவில்லை. அந்த மறதிதான் அன்றைக்கு எல்லாவற்றையும் மாற்றியது.

1. கோகிலாவின் ஐந்து மணி

அந்த வீட்டு மருமகள் கோகிலா. கல்யாணத்துக்கு முன்னால் சரவணம்பட்டியில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீசில் வேலை பார்த்தவள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதை, காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, இங்கே டைப் செய்து அனுப்பும் வேலை. அந்த ஆபீசில் அவளை விட வேகமாக, தப்பில்லாமல் அடிக்க ஆளில்லை.

கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த பிறகு தினமும் சரவணம்பட்டிக்குப் போய்வர முடியவில்லை. நல்ல ஆளை விட மனமில்லாமல் ஆபீசில் ஒரு ஏற்பாடு சொன்னார்கள். வீட்டிலிருந்தே ஃபைலை இன்டர்நெட்டில் இறக்கி, டைப் செய்து, மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஒரு மாதம் ட்ரையல். சரிப்பட்டால் வேலை நிரந்தரம், சரிப்படாவிட்டால் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இன்றைக்கு வைஃபையில் படம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது புரியாது. அன்றைக்கு மோடம் டெலிபோன் லைனில் டயல் செய்து கீச்கீச்சென்று கத்தி, பிறகு கனெக்ட் ஆகும். ரொம்ப நல்ல நாளில் நொடிக்கு மூன்றரை கேபி வரும். அந்த வேகத்தில் கோகிலாவின் ஃபைல் பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும். ஆனால் அவள் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது சட்டென்று அரை கேபிக்கு விழும், அல்லது கட் ஆகும். ஒரு ஃபைலை இறக்க அவள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த நாட்கள் உண்டு. நான்கு முறை ஐந்து மணியைத் தாண்டிவிட்டாள்.

2. நான் போனால் நோய் ஓடிவிடும்

முதல் தடவை போனபோது மோடத்தை மாற்றினேன். இரண்டாவது தடவை ஒயரை மாற்றினேன், டெலிபோன் ஆபீசில் சொல்லி லைனையும் பார்க்க வைத்தேன். இரண்டு நாளும் நான் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் இன்டர்நெட் வெண்ணெய் மாதிரி ஓடியது. நான் கிளம்பி அவினாசி ரோட்டைத் தொடுவதற்குள் படுத்துவிடும்.

“பக்கத்துத் தோட்டத்துல பதினாறு தறி ஓடுதுல்ல, அந்த மோட்டார் இரைச்சல்தான் லைன்ல ஏறுது” என்றார் மேனேஜர். நான் இருந்தபோதும் தறி தடதடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு லாங் ரேஞ்ச் கார்ட்லெஸ் போன் இருந்தது. ‘வீட்டில் ஒயர்லெஸ்’ என்றால் அந்தக் காலத்தில் அதுதான். கீழே ஆசாரத்தில், அதாவது கூடத்தில், அதன் பேஸ் பெட்டி, மொட்டை மாடியில் ஆளுயர ஆன்டெனா. கைபோனை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கடைசிக் கோடிக்குப் போனாலும் பேசலாம். அதற்கு லைசென்ஸ் உண்டா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கோகிலாவின் மாமனார் பழனிச்சாமியிடம் இரண்டு தடவையும் கேட்டேன். “ஐயா, கோகிலா வேலை செய்யறப்ப யாராவது போன் பேசறீங்களா?”

அவர் சத்தமே எழாமல் பேசுகிற மனிதர். “இல்லீங்க அம்மணி. மருமக வேலை நேரத்துல நான் போன் பேசறதே இல்லீங்க. சொந்தக்காரங்க அத்தன பேருத்துகிட்டயும் பகல்ல கூப்புடாதீங்கன்னு சொல்லிப்போட்டேன்” என்றார்.

அது சத்தியமான பேச்சு. நான் வரும் நேரம் முன்பே தெரியும் என்பதால், தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்து, கைகால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார். காப்பி வரும், பலகாரம் வரும். நான் கிளம்பும்வரை எதிரிலேயே உட்கார்ந்து, அம்மணிக்குப் பூர்வீகம் எந்த ஊர் என்பதிலிருந்து ஆரம்பித்து விசாரிப்பார். வந்தவளை விட்டுவிட்டு வேலைக்குப் போவது அவருக்குத் தெரியாத பழக்கம்.

3. “அந்த அம்மணிக்குக் காப்பி குடு”

சொல்லாமல் போன அன்றைக்கு வீட்டில் அவர் இல்லை. கோகிலாவின் மாமியார் மட்டும் வாசலில் நின்றார். “அவரு வாழைக்குத் தண்ணி கட்டீட்டு இருக்கறாருங்க. மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு எட்டு மணிக்கே வந்துருச்சு” என்றார். நான் நேராகக் கம்ப்யூட்டர் இருந்த மாடிக்குப் போனேன்.

கோகிலா ஹெட்போனைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது. “அக்கா, இன்னைக்கும் அஞ்சு மணி தாண்டுனா ட்ரையல் முடிஞ்சுதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. காலைல எட்டுல இருந்து நாலு தடவ கட் ஆயிருச்சுங்க” என்றாள்.

டயல் செய்தேன். கனெக்ட் ஆனது. மூன்று, மூன்றேகால், மூன்றரை கேபி. நான் வந்தால் மட்டும் நல்ல பிள்ளையாகிவிடுகிறதே என்று பல்லைக் கடித்தேன். அப்போது கீழே ஒரு மணி ஒலித்தது. டெலிபோன் மணி இல்லை, கீக்கீக்கென்று வேறு மாதிரி. உடனே பழனிச்சாமியின் குரல் பேஸ் ஸ்பீக்கரில் மாடிவரை கேட்டது.

“ஏம்புள்ள, மொபெட் சத்தம் கேட்டுதே, கம்ப்யூட்டர் அம்மணி வந்துருக்குதா? காப்பி குடு. நான் இந்த மடைய மாத்தி உட்டுப்போட்டு வாரேன். மோட்டார சித்த நிறுத்து.”

ஸ்கிரீனில் மூன்றரை, ஒன்றாகி, அரையாகி, நின்றே போனது. மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

நான் நாற்காலியிலிருந்து குதித்துக் கீழே மாமியாரிடம் ஓடினேன். “அத்தை, ஐயா இப்ப எதுல பேசினாரு?”

“அது போன் இல்லீங்க அம்மணி. இன்டர்காமு. லைனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க. ஒரு பாத்தியில இருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணிய திருப்பி மடை மாத்தறப்ப மோட்டார நிறுத்தச் சொல்லுவாரு, மறுக்கா போடச் சொல்லுவாரு. ஒரு நாளைக்கு இருவது தடவ இருக்கும்” என்றார் மாமியார்.

சொன்னது முழுக்க உண்மை. இன்டர்காமில் டெலிபோன் லைன் போகாது, ரேடியோ மட்டும்தான் பேசும். ஆனால் அந்த ரேடியோ மாடியிலிருக்கும் ஆன்டெனாவுக்கு ஒரு கேபிள் வழியாகத்தான் ஏறுகிறது. அந்தக் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று சுவரைப் பார்த்தேன்.

என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆசாரத்திலிருந்து மாடிவரை அந்த ஆன்டெனா கேபிளும் மோடத்தின் டெலிபோன் ஒயரும் ஒரே கிளிப்பில், ஒட்டிப் பிறந்த இரட்டைகளாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் இன்டர்காமில் பேசும்போதெல்லாம் கேபிளில் ஓடும் ரேடியோ பக்கத்திலிருந்த என் ஒயரில் ஏறி லைனைக் கெடுத்திருக்கிறது. கனெக்‌ஷன் கொடுத்த நாளில் பழனிச்சாமி, “புதுசா வெள்ளையடிச்ச செவுருங்க, ஆணி எச்சா அடிக்க வேண்டாங்க அம்மணி” என்றார். அவர் மனம் நோகாமல் இருக்கட்டும் என்று, ஏற்கெனவே இருந்த கிளிப்புகளிலேயே என் ஒயரையும் நுழைத்தவள் நான்தான். வேலை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மேனேஜரிடம் பீற்றிக்கொண்டவளும் நான்தான். இரண்டாவது தடவை ஒயரை மாற்றியபோதுகூட புது ஒயரை அதே கிளிப்பில்தான் மாட்டினேன்.

4. ஏணியும் இருபத்தெட்டு ஆணியும்

பழனிச்சாமி சேற்றுக் காலோடு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கைபோனைப் பார்த்தார், பிறகு மாடியைப் பார்த்தார்.

“அப்ப இத்தன நாளா எம் மருமகளுக்கு எடஞ்சல் பண்ணுனது நானேதானுங்களா?”

“பாதி நீங்க, பாதி நானுங்க ஐயா. ஆனா இன்னைக்கு அத முடிச்சுப்போட்டுத்தான் இங்கிருந்து போவேன்.”

அவர் அந்தப் பேஸ் பெட்டியைப் பிடுங்கிப் போடவே போனார். “வேண்டாங்க மாமா, முட்டிவலியோட எத்தன தடவ ஊட்டுக்கும் மடைக்கும் நடப்பீங்க?” என்று கோகிலா தடுத்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இரண்டையும் ஓட வைக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

வெளியே லைன் வந்து சேரும் பெட்டியிலிருந்து மோடத்துக்குத் தனி ஒயர் இழுத்தேன். முன்பக்கச் சுவரை விட்டுவிட்டுப் பின்பக்கமாக, சமையலறை ஜன்னலுக்கு மேலே ஏற்றி, ஆன்டெனா நிழல்கூடப் படாத வழியில் மாடிக்குக் கொண்டுபோனேன். சாதாரணத் தட்டை ஒயர் வேண்டாமென்று, வெளி இரைச்சல் எளிதில் ஏறாத முறுக்கிய ஜோடி ஒயராகவே போட்டேன். மாமியார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வெள்ளையடித்த சுவரில் இருபத்தெட்டு ஆணி அடித்தேன். ஒவ்வோர் ஆணிக்கும் பழனிச்சாமி, “அடிங்க அம்மணி, நல்லா அடிங்க” என்றார். பன்னிரண்டேகாலுக்கு வேலை முடிந்தது.

5. பத்து நிமிஷப் பேச்சு

இனி சோதித்துப் பார்க்க வேண்டும். அவரைத் தோட்டத்தின் கடைசிக் கோடிக்குப் போகச் சொன்னேன். “ஐயா, கோகிலாவோட ஃபைல் எறங்கி முடியற வரைக்கும் இன்டர்காம்ல விடாம பேசோணும். பத்து நிமிஷம். நடுவுல நிறுத்தக் கூடாதுங்க.”

“பத்து நிமிசமா? நான் வருசத்துக்கே அத்தன பேசறதில்லீங்களே” என்று சொல்லிக்கொண்டே போனார்.

மாடியில் டவுன்லோடு ஆரம்பித்தது. கீழே ஸ்பீக்கரில் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ண ஆரம்பித்தார். மூன்றரை கேபி. அசையவில்லை. நூறுவரை எண்ணினார். பிறகு மாடுகளின் பெயரைச் சொன்னார், கோகிலா ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். பிறகு எந்த வாழைக்கு இன்னும் தண்ணி பாயவில்லை என்று சொன்னார். மூன்றரை, மூன்றரை, மூன்றரை. நான் மாடிப்படியில் நின்று கையைத் தட்டினேன். கோகிலா ஸ்கிரீனை விட்டுவிட்டுப் படியிறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

சரக்கு தீர்ந்துபோய் அவர் கொஞ்சம் திணறினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏம்புள்ள, அது மேல காதுல மாட்டீட்டு இருக்கும், அதுக்குக் கேக்காதுல்ல? கேக்காதுன்னா ஒண்ணு சொல்லிப்போடறேன். பொண்ணு பாக்கப் போனப்ப, கண்ணாலத்துக்குப் பொறவு வேலைய உட்றோணும்னு நாந்தான் சொன்னேன். அந்தப் புள்ள ஒரு வார்த்த எதுத்துப் பேசல. தலைய மட்டும் ஆட்டுச்சு. அந்தத் தலையாட்டறது எங் கண்ணுலயே நிக்குது. ஊட்லயே இருந்து செய்யலாம்னு சொன்னதுல எனக்குத்தான் நிம்மதி. இந்த வேல போச்சுன்னு வெச்சுக்க, கடைசியில நான் சொன்னதுதான் நடந்துதுன்னு ஆயிரும். எனக்கு அது வேண்டாஞ் சாமி. ஆணி அடிச்சா அடிக்கட்டும், செவுரே போனாலும் போகட்டும்.”

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சும்மா ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே கம்ப்யூட்டர் டிங் என்றது. கோகிலா ஓடிப் போய்ப் பார்த்து, ஓடி வந்து, பேஸ் பட்டனை அழுத்தினாள்.

“மாமா, ஃபைல் முழுசா வந்துருச்சுங்க.”

மடைத் தண்ணிச் சத்தத்தோடு அவர் குரல் வந்தது. “கண்ணு, நீ எதுலருந்து கேட்டுட்டு இருக்கறே?”

“மாட்டுப் பேருலருந்துங்க மாமா.”

மாலை நாலு நாற்பதுக்கு அவள் ஃபைல் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு இருபது தடவைக்கு மேல் மடை மாறியது, ஒரு தடவைகூட லைன் விழவில்லை. அந்த மாதக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமானது. மோடம் ஓடிய சந்தோஷத்தை விட, அவள் வேலை நிலைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த வாரம் முழுக்க மேனேஜரிடம் நான் பேசிய பேச்சில் அவர் தறியைப் பற்றி மறுபடி வாயே திறக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றைத்தான் சொல்வேன். நெட் ஸ்லோ என்றால் நமக்குத் தோதான நேரத்தில் போகாதீர்கள், அவர்களுக்குக் கெடுகிற நேரத்தில் போங்கள். போனதும் “எங்களுக்காக உட்கார வேண்டாம், எப்பவும் போல வேலையைப் பாருங்க” என்று சொல்லுங்கள். “போன் பேசினீங்களா?” என்று நான் கேட்டேன், அவர் இல்லை என்றார். “பகலெல்லாம் என்னங்க செய்வீங்க?” என்று கேட்டிருந்தால், முதல் நாளே மடையைப் பற்றிச் சொல்லியிருப்பார். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான்தான் ஒரு மாதமாகத் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.