சக்கரம் இல்லாத லோடு

பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். அதற்கு மேல் உள்ளே நீலமாக நரம்பு ஓடிவிடும். ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் உடைத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் டவுசர் போடாத பொடியனுக்குக்கூட இது தெரியும்.

தெரிந்தும் எங்கள் அப்பா, இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் அறிவித்திருந்த வாரத்தில், மரவள்ளிக் கொல்லை மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டார். அந்த வருஷம் எங்களுக்கு வேறு வெள்ளாமையே கிடையாது. மறியலெல்லாம் சேலம் போகிற பெரிய ரோட்டில்தான் நடக்கும், கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற நம் ரோட்டை எவன் மறிக்கப்போகிறான் என்பது அவர் கணக்கு. டிராக்டருக்குச் சொல்லியாச்சு, ஆள் வந்தாச்சு, பிடுங்கியாச்சு.

மறித்தது எங்கள் சித்தப்பா.

மறியலுக்கு முந்தின நாள் கூட்டத்தில் ஒவ்வொரு ஊர்க்காரனும் எழுந்து, ‘எங்க ஊர்ல ஈ காக்கா போவாது’ என்று அளந்திருக்கிறான். சித்தப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. விடிகாலையிலேயே ஆளைத் திரட்டிப் போய், ஏரிக்கரை வளைவில் நின்ற புளியமரத்தை ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார். சொந்த அண்ணனுடைய கிழங்கு அந்த வழியாகத்தான் மில்லுக்குப் போகவேண்டும் என்பது மரம் விழுந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம். காலேஜ் மூடியிருந்ததால் நான் வீட்டில்தான் இருந்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

டிராக்டர் வரவில்லை. அப்பா மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். விழுந்து கிடந்த மரத்தருகிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சக்கரம் உள்ள எதுவும் தாண்டக்கூடாது, நடந்து போகிறவனுக்கும் ஆடு மாட்டுக்கும் தடையில்லை. அதுதான் அங்கே சட்டம். சட்டம் போட்டவரும் சித்தப்பாதான். சைக்கிளில் வந்த வாத்தியாரைக்கூட, சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாராம்.

அன்றைக்குச் சாயங்காலம் கல்வராயன் மலையிலிருந்து மட்டக்குதிரைகள் இறங்கி வந்தன. மலையில் பாதி ஊர்களுக்கு வண்டி போகாது. கடுக்காய், புளி, சாமை எல்லாம் குதிரை முதுகில் கீழே வரும். உப்பும் சீமெண்ணெயும் துணிமணியும் அதே முதுகில் மேலே போகும். சந்தைக்கு முந்தின நாள் குதிரைகள் எங்கள் கொல்லையில்தான் தங்கும். சோளத்தட்டும் தண்ணீரும் நாங்கள் கொடுப்போம். அவை போடுகிற லத்தி எங்கள் நிலத்துக்கு எரு. ரொம்ப வருஷமாக நடக்கிற ஏற்பாடு.

குதிரைகளுக்குச் சொந்தக்காரி ஒரு மலைக்கார அக்கா. வாய் என்றால் அப்படி ஒரு வாய். மூட்டைகளை இறக்கிவிட்டு, கிழங்குக் குவியலைச் சுற்றிவந்தார்.

“இன்னா அண்ணா, கோயிலு கட்டப்போறியா? இம்மாம் பெருசா குமிச்சு வச்சிக்கினு ஒக்காந்துகீற?”

அப்பா விஷயத்தைச் சொன்னார்.

“சந்தையும் இல்லியா அப்போ?”

“ஒண்ணும் இல்ல. எல்லாம் பந்த்து.”

அக்கா குதிரைகளைக் கையால் காட்டினார். “இதுங்க சும்மா நின்னு தின்னுக்கினுதான் இருக்கப்போவுது. நான் ஓட்டினு போறேன். கூலி வாணாம். நட்டு வைக்க மரவள்ளிக் குச்சி குடு. எங்க ஊர்ல நல்ல குச்சி கெடைக்கமாட்டுது.”

“எவ்ளோ வேணுமோ எடுத்துக்கம்மா” என்றார் அப்பா. 

மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஏற்றினோம். டிராக்டருக்கு ஏற்றுகிற பழக்கத்தில் நானும் அப்பாவும் சாக்கைத் திணித்துக் கட்ட, அக்கா ஒவ்வொன்றாக அவிழ்த்து இரண்டு பக்கமும் சமமாக்கினார். “குதிரைக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்குது தம்பி. காலேஜில அத சொல்லித்தரலியா?”

கழுத்தில் மணி கட்டிய வெள்ளைக் குதிரை முன்னால் போக, மற்றவை வரிசையாகப் பின்னால் வந்தன. புளியமரத்தின் மேல் பத்துப் பதினைந்து பேர் காக்கா மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நடுக்கிளையில் சித்தப்பா. எங்களைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே குதித்தார்.

“திருப்பு, திருப்பு. லோடு போவாது.”

அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நின்றவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்: “நாளைக்கு இது குப்பை. சொல்லிவை ஒங்க தலைவர்கிட்ட.”

சித்தப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “எனக்கு மட்டும் ஆசையா அண்ணா? சொந்த வூட்டு சரக்குன்னு வுட்டுட்டான்னு நாளைக்கு ஊரே காறித் துப்பும்.”

அக்கா முன்னால் வந்தார். “ஏன் அண்ணா, சக்கரம் இருந்தாத்தானே புடிப்பீங்க?”

“ஆமா.”

“குனிஞ்சு பாரு. அடியில டயரு இருந்தா நீயே கழட்டிக்கோ.”

மரத்தின் மேல் ஒருத்தன் சிரித்துவிட்டான். “மாமா, ஸ்டெப்னிகூட இல்ல மாமா!”

“டேய், இது போராட்டம்டா. வெளையாட்டு இல்ல” என்று சித்தப்பா கத்தினார்.

அதற்குள் மணிக்குதிரை நிதானமாக நகர்ந்துபோய், விழுந்து கிடந்த கிளையில் புளியந்தழையைக் கடித்து இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

“யோவ், வுட்டா மறியலையே தின்னுடும்யா. சீக்கிரம் அனுப்பு” என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். அவரே தொடர்ந்தார்: “ஆடு மாடு போவலாம்னு நீதான் சொன்ன. நாலு காலு இருக்குதா இல்லியா? வுடு. நாங்க எவனும் ஒன்ன ஒண்ணும் கேக்கமாட்டோம்.”

சித்தப்பா எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நிஜமாகத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும், தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மரத்தைச் சுற்றி ஓடைப்பள்ளத்தில் இறங்கி ஏறவேண்டும். முதல் குதிரையின் கயிற்றை அவரே பிடித்தார். மற்றவர்களும் கிளையிலிருந்து குதித்து, சாக்கு சரியாமல் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். லாரியை மறிக்க வந்த கூட்டம் எங்களுக்கு லோடு தூக்கியது.

அன்றைக்கும் மறுநாளும் நடை மாற்றி நடை. மில்லில் கிழங்கு வராமல் மிஷின் நின்றிருந்ததால், குதிரைகளைப் பார்த்ததும் வாட்ச்மேன் இரண்டு கேட்டையும் திறந்துவிட்டார். ஆனால் கடைசி நடைதான் பயம். அடிக்குவியல் கிழங்கு அது. வெயிலும் குடித்திருந்தது, நாளும் ஆகியிருந்தது. அப்பா வழி முழுக்கச் சாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மில் மேஸ்திரி ஒரு சாக்கை அவிழ்த்து, ஒரு கிழங்கை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் அடித்து உடைத்தார். இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ கூரையைப் பார்த்தார்.

“வெள்ளையாத்தான் இருக்குது. கொட்டுங்க.”

அப்பா என் கையை விட்டார். மேஸ்திரியின் கையிலிருந்த கிழங்குத் துண்டை வாங்கி மோந்து பார்த்தார். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், நேராகப் போய் மணிக்குதிரையின் வாயருகே நீட்டினார். அக்கா பாய்ந்துவந்து பட்டென்று கையைத் தட்டிவிட்டார்.

“அண்ணா! பச்சைக் கெழங்கு விஷம்னு ஆட்டையெல்லாம் கொல்லைப் பக்கமே வுடமாட்ட. என் குதிரைக்கு மட்டும் ஊட்டுறியா? இன்னா நன்றி இது?”

அப்பா கீழே விழுந்த துண்டைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சாக்கு மேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, மேஸ்திரியும் சேர்ந்துகொள்ளும் வரை சிரித்தார். நான் எதிர் டீக்கடைக்கு ஓடி, குதிரைகளுக்கென்று இருந்த வெல்லத்தையெல்லாம் வாங்கிவந்தேன்.