வெறும் வயிற்றில் வெட்டிய கரும்பு

கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சங்கராபுரம் பக்கத்து ஊர்களில் ரொம்பப் பேர் பூசாரியிடம் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டார்கள். ஆடி முடிவதற்குள் பாதிப் பேர் கயிற்றை அறுத்தெறிந்துவிட்டுக் கடை வாசலில் நின்றார்கள். தங்கமணி அறுக்கவில்லை. அதை ஊர் நம்பியது. அவன் பெண்சாதி இருசம்மாள் மட்டும் நம்பவில்லை. வேலையிலிருந்து வந்து கைகால் கழுவினானோ இல்லையோ, எதிரே வந்து நிற்பாள்.

“வாய ஊது.”

“நான் இன்னா, போலீஸ்ல மாட்டின லாரி டிரைவரா?”

“ஊதுய்யான்னா.”

ஊதுவான். வெற்றிலை வாசனைதான் வரும். அப்படியும் அவள் முகம் தெளியாது. தாலியைத் தவிர வீட்டிலிருந்த எல்லாவற்றையும் ஒருமுறையாவது குடித்துத் தீர்த்தவன் அவன். இந்தக் கயிறு நிலைக்க வேண்டும், மிச்சமுள்ள காலத்தையாவது மனுஷியாக வாழ வேண்டும் என்பதைத் தவிர இருசம்மாளுக்கு வேறு ஆசை கிடையாது.

குடியை விட்ட கையோடு சர்க்கரை வியாதி வந்து சேர்ந்தது. சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்து, “போட்டுட்டு சாப்பிடாம மட்டும் இருக்காதீங்க” என்றார்கள். மாத்திரை மட்டும்தான் அவன் காதில் ஏறியது. கூழு சக்கரக்காரனுக்கு வெசம் என்று எவனோ சொன்னது அதைவிட ஆழமாக ஏறியது. காலையில் மாத்திரை, சர்க்கரை போடாத வரக்காப்பி, அப்புறம் மத்தியானம் வரைக்கும் ஒன்றுமில்லை. கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள் தோட்டத்தில் எவ்வளவு கரும்பு கடித்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் கூடாது. தங்கமணி அதையும் விட்டான். அடுத்த முறை ரத்தம் எடுத்தபோது அளவு கம்மியாக வந்தது. வகுப்பில் முதல் மார்க் வாங்கினவன் மாதிரி வீட்டுக்கு வந்தான்.

“சாராயத்தையே வுட்டவன்டி. கூழு எந்த மூலைக்கு?”

கரும்பு வெட்டு ஜோடி வேலை. புருஷன் வெட்டிப் போட்டுக்கொண்டே போக, பெண்சாதி சோகை என்கிற காய்ந்த தோகையை உரித்துக் கட்டுக் கட்டுவாள். தை மாசத்தில் ஒருநாள் ரிஷிவந்தியத்துக்கு அந்தண்டை ஒரு தோட்டத்தில் வெட்டு. டிராக்டர் விடியுமுன்னே வந்துவிட்டது. வரக்காப்பிகூட அடுப்பிலேயே நின்றது. மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டுத் தங்கமணி ஏறி உட்கார்ந்தான்.

வெயில் ஏற ஏற அவன் வெட்டு கோணிக்கொண்டு போயிற்று. கரும்பைத் தரையோடு தரையாக வெட்ட வேண்டும். இனிப்பு அடிக்கட்டையில்தான் ஜாஸ்தி. அவன் முழங்கால் உயரத்துக்குக் கட்டை விட்டுப் போனான். மேஸ்திரி பகலவன் வரப்பிலிருந்து கத்தினான்.

“மாமா! அடியோட வெட்டு. கட்டைய வுட்டுக்கினே போறியே, மில்லுக்காரன் என்னையில்ல கேப்பான்?”

தங்கமணி திரும்பிப் பார்த்து, கேட்கக் கூசும் வார்த்தை ஒன்றைச் சொன்னான். நாக்கு குழறியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டடி எடுத்து வைத்தவன் கத்தியை நழுவவிட்டுச் சோகைமேல் உட்கார்ந்தான்.

“காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டியா? கயிறு வேற கையில, சாமியாராட்டம்!” என்றான் பகலவன். வெட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

பக்கத்தில் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த மலர்விழிக்கு மட்டும் சந்தேகம். “வாசனையே வரலியேக்கா.”

“உனக்கு இன்னாடி தெரியும் அந்தாளப் பத்தி? நான் கழுத்த நீட்டின நாள்லேர்ந்து பாத்துக்கினுகீறேன்” என்றாள் இருசம்மாள். நாள் தவறாமல் அவன் வாயை முகர்ந்து பார்த்தவள் அன்றைக்குக் குனியவில்லை.

கருணாபுரம் எல்லோருக்கும் ஒரு வைத்தியம் சொல்லிக் கொடுத்திருந்தது. உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். வெறும் தண்ணீராகவே வாந்தி எடுத்தான். “வெளிய வந்துடுச்சி. தூங்கி எழுந்தா சரியாப் பூடுவான்” என்று நிழலில் கிடத்தினார்கள். இருசம்மாள் அவன் கத்தியைப் பொறுக்கிக்கொண்டு, அவனைத் தாண்டிப்போய், அவன் விட்ட கட்டைகளையும் சேர்த்துத் தானே வெட்ட ஆரம்பித்தாள். அவமானத்தில் கை அவ்வளவு வேகமாக ஓடியது. சுற்றிலும் காடாகச் சர்க்கரை நின்றது. அதில் ஒரு துண்டைப் பிழிந்து அவன் நாக்கில் விட யாருக்கும் தோன்றவில்லை.

சோற்றுக்குக் கரையேறும்போது பார்த்தால் அவனுக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரின் முதல் கேள்வியே, “என்ன குடிச்சாரு?” இருசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் நர்ஸ் சந்தியா அவன் விரலைக் குத்தி மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டாள்.

“சக்கரை சுத்தமா இல்ல சார்.”

குளுக்கோஸ் ஏறியது. கண் திறக்க மூன்று நாள் ஆயிற்று.

சந்தியாதான் உட்காரவைத்துச் சொன்னாள். கரும்பு தான் வாங்கின வெயிலைக் கணுவுக்குக் கணு சர்க்கரையாக அடைத்து வைக்கிறது. மரவள்ளி அதையே கிழங்கில் மாவாகச் சேர்க்கிறது. மனுஷனும் தின்ற சோற்றையும் கூழையும் சர்க்கரையாக்கி, செலவு போக மிச்சத்தை ஈரலிலும் சதையிலும் சேர்த்து வைக்கிறான். சதை தன்னிடம் இருப்பதைத் தன் வேலைக்கே வைத்துக்கொள்ளும். பட்டினி கிடந்தால் மற்ற உறுப்புக்கெல்லாம் ஈரல்தான் அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். சாப்பிடாத உடம்பில் அதுவும் கொஞ்சம்தான். மாத்திரை அதன் கையையும் கட்டிப்போட்டது.

“மூளைக்குத்தாம்மா சேத்து வெக்கவே தெரியாது. அப்பப்ப வர்றதுதான். அது நின்னாதான் குடிச்சவங்க மாதிரி உளறுவாங்க, தள்ளாடுவாங்க. ஒரு வாய் சக்கரைத் தண்ணி குடுத்திருந்தா...” என்று தொடங்கியவள், எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தங்கமணி வீடு திரும்பினான். நடக்கிறான், சாப்பிடுகிறான். கத்தி பிடிக்க முடியவில்லை. இப்போது சொன்னது சற்று நேரத்தில் மறந்துவிடுகிறது. ஆனால் பார்க்க வந்தவர்கள், “கயிறு கட்டிக்கினு குடிச்சியேப்பா, அதான் சாமி வாங்கிடுச்சி” என்றது மட்டும் எப்படியோ உள்ளே தங்கிவிட்டது. அந்த நாளைப் பற்றி அவனுக்கென்று எந்த நினைவும் இல்லாததால் ஊர் சொன்னதையே தன் நினைவாக எடுத்துக்கொண்டான்.

இருசம்மாள் கூழ் கரைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தால் அழ ஆரம்பிப்பான்.

“உனக்கு துரோகம் பண்ணிட்டேன் இருசா. சத்தியம் பண்ணிட்டுக் குடிச்சிட்டேன்.”

“நீ குடிக்கலய்யா. பசிதான். சக்கரை கம்மியாயி வுழுந்துட்ட.”

“மெய்யாலுமா?”

“மெய்யாலும்.”

முகம் தெளிந்து கூழை வாங்கிக் குடிப்பான். மறுநாள் திரும்பவும் அதே அழுகை, அதே மன்னிப்பு. அவளும் சலிக்காமல் சொன்னாள். தினமும் ஒருமுறை அவனைக் குற்றத்திலிருந்து இறக்கிவிடுவது ஒன்றுதான் அவளால் ஆனது.

பங்குனியில் ஒருநாள் பாதிக் கூழில் சொம்பை இறக்கி, புதிதாக ஒன்று கேட்டான்.

“நான்தான் குடிக்கலியே. அப்போ நான் வுழுந்தப்ப நீ எங்க இருந்த?”

இருசம்மாள் அவன் மோவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

“பக்கத்து கரும்பு சால்லதான்.”

“கிட்டத்தான் இருந்திருக்க” என்று தலையாட்டிவிட்டு, அவன் சொம்பை எடுத்துக் குடித்தான்.